உதிரிபாகம் வரவேண்டியிருக்கிறது

ஷார்ஜாவில் பதினேழு வருடமாக ஏசி பார்க்கிறேன்.
அந்த நூலகத்தின் கூரையில் இருக்கும்
யூனிட்களின் வயதைத் தெருவில் நின்றே சொல்வேன்.
வாசல் வழியாக உள்ளே போனது
இந்த மார்ச்சில்தான்.
சனிக்கிழமை, அரைநாள் வேலை முடித்து, சீருடையோடு.

என்ன தேடுகிறீர்கள் என்றாள்
மேசைக்குப் பின்னால் இருந்த சூடானியப் பெண்.
அரபியில் கால், இந்தியில் அரை,
மீதியைக் கையால் வரைந்து
முட்டை என்றேன்.
எழுந்து நடந்தாள். பின்னாலேயே போனேன்.
சமையல் புத்தகங்கள்.

இது இல்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
என் பேண்ட்டில் கிரீஸ், நாற்காலியில் துணி உறை.
நுனியில் உட்கார்ந்தேன்.

எங்கே?
பதினாலாம் மாடி. அவுட்டோர் யூனிட்டுக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு சாண் இடம்.
கூடு எதனால்?
நாலு சுள்ளி. மீதியெல்லாம் எங்கள் ஆட்கள்
வெட்டிப் போட்ட கட்டுக்கம்பி.
நிறம்?
தவிடு.
கழுத்து?
கழுத்தைப் பார்க்கவில்லையே.
கண்ணை மூடுங்கள் என்றாள். மூடினேன்.
பார்த்திருக்கிறேன்.
எள் தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள்.
எள்ளுக்கு அரபி தெரியும், ரொட்டிக்கடை உபயம்:
சிம்சிம்.
அதை எழுதிக்கொண்டாள்.
எத்தனை முட்டை?
செவ்வாய் ஒன்று. புதன் போனபோது இரண்டு.

இவ்வளவுக்கும் அப்புறம்தான்
அதைப் பற்றி என்ன தெரியவேண்டும் என்றாள்.

எத்தனை நாள்?
எத்தனை நாள் நான் பொய் சொல்லவேண்டும்?

ஆபீஸிலிருந்து வந்த வொர்க் ஆர்டரைக் காட்டினேன்.
கூட்டை அகற்று, காயிலைக் கழுவு, படம் எடுத்து அனுப்பு.
வீட்டுக்காரர் மே வரை ஊரில்.
அவள் இரண்டு முறை படித்தாள்.

மூன்று புத்தகம் வந்தது.
ஒன்றில் படம் சரி, நாள் கணக்கு இல்லை.
ஒன்று முழுக்க வேட்டை வல்லூறு.
மூன்றாவது ஒல்லி, அட்டை கிழிந்தது.
வலமிருந்து இடமாக அவள் விரல் ஓட
நான் விரலைப் படித்தேன்.
பொரிய பதிமூன்று.
ஒரு புத்தகம் சொன்னால் போதாது என்று
மறுபடி போனாள்.
நாலாவது, பதினாலு என்றது.
பதினாலே வையுங்கள். பறக்க இன்னொரு பதினாலு.

உங்களுக்குப் பறவையெல்லாம் தெரியுமா?
தெரியாது. எங்கே பார்க்கணும் என்று தெரியும்.

நாங்கள் தவிட்டுப்புறா என்போம்.
ஆங்கிலத்தில் அதற்குச் சிரிக்கும் புறா என்று பெயராம்.
அவள் சட்டையில் குத்தியிருந்த பெயர் இப்திசாம்.
அதற்கும் சிரிப்பு என்றுதான் பொருள் என்றாள்,
சிரிக்காமல்.

பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்தாள்.
பதிலுக்கு என்னிடம் இருந்தது ஒன்றுதான்:
உங்கள் டக்டில் ஒரு பேரிங் அழுகிறது.
இன்னும் மூன்று வாரம் தாங்கும்.
எப்படித் தெரியும் என்றாள்.
கேட்கிறதே.
தலையைச் சாய்த்துக் கேட்டாள்.
தேதி போட்டு எழுதி வைத்தாள்.

மறுநாள் தனிஸ்லாஸ் அண்ணன் போனில்.
சூப்பர்வைசர், உவரிக்காரர்.
ஆயிரத்து நானூற்று மூணு ஏன்டே இன்னும் முடியல?
பார்ட் வரணும்ண்ணே.
என்ன பார்ட்?
இறக்கை.
எத்தனை?
நாலு.
எப்ப வரும்?
நாலு வாரம் ஆகும்.
எங்கேருந்து, ஜப்பான்லேருந்தா?
லோக்கல்தான்.

முப்பதாம் நாள் பால்கனிக் கதவைத் திறந்தேன்.
விளிம்பில் ஒரு குஞ்சு. என்னைப் பார்த்ததும்
எதிர்க் கட்டிடம் வரை போய்விட்டது,
தத்தளித்துத்தான், ஆனால் போய்விட்டது.
இரண்டு இறக்கைதான் வந்திருக்கிறது.
கம்பிகளின் நடுவே
இன்னொரு முட்டை அப்படியே கிடந்தது.
கையில் எடுத்தேன்.
வெயில் பட்ட சுவரின் சூடு, அவ்வளவுதான்.

காயிலைக் கழுவினேன். படம் எடுத்து அனுப்பினேன்.

சனிக்கிழமை நூலகத்தில்
பேரிங் சத்தம் நின்றிருந்தது.
ஒன்று மட்டும் ஏன் பொரியவில்லை என்று கேட்டேன்.

இப்திசாம் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.